எட்டேகால் மணிப் பள்ளிக்கு எங்கள் கொட்டாயில் நாலரைக்கு எழ வேண்டும்

பாலக்கோடு வட்டத்தில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அக்காவுக்கும், குழுவில் என்னோடு இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரக் கூட்டத்தில் நானும் இருந்தேன். மூன்றாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம். டிசம்பர் முதல் தேதியிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு மேலே உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி 9.20-க்குப் பதிலாக 8.15-க்கே தொடங்கும் என்று தீர்மான நோட்டில் எழுதினீர்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். கூட்டம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. டீயும் போண்டாவும் வந்தன. வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதுதான் நான் எதற்குக் கையெழுத்துப் போட்டேன் என்பது உறைத்தது.

கூட்டத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போது மடல் எழுதுகிறாளே என்று நீங்கள் திட்டலாம். திட்டுங்கள், நியாயம்தான். இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எங்களை அங்கே உட்கார வைத்ததே இதையெல்லாம் சொல்வதற்குத்தான். அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் பஸ் கணக்கு. எங்கள் ஊர் பஞ்சப்பள்ளிப் பக்கம். ஊர் என்று சொல்வது வாய்ப்பழக்கம், உண்மையில் நாங்கள் இருப்பது காட்டோரத்துக் கொட்டாயில். அங்கிருந்து வரப்பிலும் வண்டித்தடத்திலும் இரண்டு கிலோமீட்டர் நடந்தால்தான் மெயின் ரோடு. காலையில் அந்த வழியாக வரும் டவுன் பஸ் இரண்டே இரண்டு. ஒன்று 6.40, அடுத்தது 8.10. இப்போது பிள்ளைகள் 8.10-ஐப் பிடித்து 8.55-க்குப் பள்ளி வாசலில் இறங்குகிறார்கள். மணி 8.15-க்கு அடித்தால் அந்த பஸ் உதவாது, 6.40-தான் கதி. அது 7.25-க்கே கொண்டுவந்து இறக்கிவிடும். அப்புறம் 50 நிமிஷம் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். கேட் பூட்டியிருந்தால் கழிப்பறையும் கிடையாது. பெண் பிள்ளைகளுக்கு அது என்ன பாடு என்று தலைவி அக்காவுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நோட்டில் பள்ளி நேரம் 65 நிமிஷம்தான் முன்னால் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அது 90 நிமிஷம். இப்போது 7.40-க்குக் கிளம்பும் பெண் இனி 6.10-க்குக் கிளம்ப வேண்டும். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் பிள்ளைக்கு 65 நிமிஷம், தூரத்துப் பிள்ளைக்கு 90 நிமிஷம். ஒரே தீர்மானம்தான், ஆனால் பாரம் மட்டும் தூரத்தில் இருப்பவன் தலையில் கூடுதலாக விழுகிறது. அன்றைக்கு நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டியது இந்த ஒரு விஷயம்தான். பள்ளி நேரத்தைக் குறிக்கும்போது கடைசிக் கொட்டாயில் இருக்கும் பிள்ளையின் வீட்டிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

6.10 என்பது டிசம்பரில் எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா? இருட்டு. டிசம்பர் நடுவில் நம் பக்கம் சூரியன் எழுவதே 6.30-க்கு. பொங்கல் முடிந்தால் பொழுது சீக்கிரம் விடிந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் தப்பாம். வருஷத்திலேயே நம் ஊரில் சூரியன் ரொம்பத் தாமதமாக வருவது ஜனவரி கடைசியில்தான், 6.40-ஐத் தாண்டிவிடும். என் மகள்தான் இதற்குக் கணக்குச் சொன்னாள். இந்தியக் கடிகாரம் மிர்சாபூர் வழியாகப் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. பாலக்கோடு இருப்பது 78 பாகையை ஒட்டி. ஒரு பாகைக்கு 4 நிமிஷம் என்றால் நம் ஊர்ச் சூரியன் கடிகாரத்துக்கு ஏறக்குறைய 18 நிமிஷம் பின்னாலேயே வருகிறது. நீங்கள் சொல்லிக் கொடுத்த பாடம்தான் சார், அவள் உங்களிடமே திருப்பிச் சொல்கிறாள்.

இருட்டு மட்டும் என்றால் டார்ச் போதும். நவம்பர், டிசம்பர் எங்கள் பக்கம் ராகி முற்றி அறுப்புக்கு வரும் காலம். கர்நாடகத்துப் பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி என்று யானைக் கூட்டம் இறங்குவதும் இந்த மாதங்களில்தான். அதில் ஒன்றிரண்டு பிரிந்து எங்கள் பக்கமும் வரும். ராத்திரி முழுக்க ராகியிலும் தக்காளியிலும் புகுந்துவிட்டு விடிவதற்கு முன்னும் பின்னுமாகக் காட்டுக்குத் திரும்பும். அது திரும்பும் தடத்தில்தான் என் மகள் பஸ்ஸுக்கு நடக்க வேண்டும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே காளிக்கவுண்டன்கொட்டாயில் திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தது நினைவிருக்கும். இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. இருட்டில் எங்கே யானை நிற்கிறது, எங்கே கம்பி கிடக்கிறது என்று தெரியாத இடம் எங்களுடையது. பெரியவர்களே அந்த நேரத்தில் இரண்டு பேராகத்தான் வெளியே போவோம், தகரத்தைத் தட்டிக்கொண்டே.

சரி, கூட ஒரு ஆள் போய் பஸ் ஏற்றிவிடலாமே என்பீர்கள். யார் போவது? வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். என் மாமியாருக்கு முழங்கால் வலி. நான் ஐந்து மணிக்குப் பால் கறந்து ஆறரைக்குள் சொசைட்டியில் ஊற்ற வேண்டும். தாமதமானால் கேனை மூடிவிடுவார்கள், அன்றைய பால் வீண். சொசைட்டி வடக்கே, பஸ் ஸ்டாப் தெற்கே. பக்கத்துக் கொட்டாயில் இருப்பவர்கள் தக்காளிக் காலத்தில் விடிவதற்கு முன்பே கூடையோடு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போய்விடுவார்கள். எல்லா வீட்டிலும் காலை ஐந்திலிருந்து ஏழு வரைதான் பிழைப்பு நடக்கிறது. அந்த நேரத்தில் உபரியாக ஒரு ஆள் எந்த வீட்டிலும் கிடையாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. என் மகன் ஆறாம் வகுப்பு, அவனுக்குப் பழைய நேரம்தான். இதுவரை அக்காவும் தம்பியும் சேர்ந்து போனார்கள். இனி அவள் இருட்டில் தனியாக, ஒன்றரை மணி நேரம் கழித்து அவன் தனியாக. இல்லையென்றால் அவனையும் சேர்த்து நாலரைக்கு எழுப்ப வேண்டும்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் 25-ஆம் தேதி காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தபோது என் மகன் நாலாம் வகுப்பு. இரண்டு வருஷம் பள்ளியிலேயே கிச்சடியும் பொங்கலும் சாப்பிட்டான். எனக்குக் காலை நேரத்தில் ஒரு அடுப்பு வேலை மிச்சம். அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு வயிறு சிறுத்துவிடுமா என்ன? பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலையில் வீட்டில் இருப்பதுதான் சாப்பாடு. எங்கள் வீட்டில் பெரும்பாலும் ராத்திரிக் களி, மோரில் கரைத்தது. அதை அவள் 5.50-க்குக் குடித்தால் சத்துணவுக்கு மணி அடிக்க ஏழு மணி நேரம் ஆகிவிடும். ஐந்தே முக்காலுக்குப் பசியும் இருக்காது. பாதி டம்ளரை வைத்துவிட்டு ஓடுவாள்.

ஒத்திகை மாதிரி இந்தச் செவ்வாய்க்கிழமை 6.40-க்கு அனுப்பிப் பார்த்தேன். அன்றைக்குப் பாலை மாமியார் எப்படியோ சமாளித்தார், நான் கூடப் போனேன். வலது பக்க ஜடை பின்னி முடித்திருந்தேன், இடது பக்கம் பாதியில் நின்றது. ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு செருப்பு மாட்டினாள். தடத்தில் பனி, டார்ச் வெளிச்சம் பத்தடி தாண்டவில்லை. பக்கத்துக் கொட்டாய் நாய் ஒரு தடவை குரைத்து நின்றதும் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். நாய் சும்மா குரைத்து நிறுத்தாது. ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு நடந்தோம். பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தாள். பள்ளி வாசலில் நான் எழுப்பியபோது நெற்றியில் கம்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. இடது ஜடையை கேட்டுக்கு முன்னால் நின்று பின்னிவிட்டேன். முதல் பீரியடில் என்ன நடத்தினார்கள் என்று சாயங்காலம் கேட்டேன். கணக்கு என்றாள். என்ன கணக்கு என்றதற்கு பதில் இல்லை.

பத்து மணிக்கே படுத்துத் தூங்கினால் நாலரைக்கு எழலாமே என்று கூட்டத்தில் ஒரு சார் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு முழித்திருக்கிறார்கள் என்று நானும் திட்டியிருக்கிறேன். படித்துப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது. பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போய்விடுகிறதாம். பத்து மணிக்குப் பாயில் படுக்க வைக்கலாம், தூங்க வைக்க முடியாது. 13 முதல் 18 வயது வரை 8-லிருந்து 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-லேயே பெரிய வகுப்புப் பள்ளிகள் 8.30-க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்றது. சியாட்டில் நகரத்தில் 2016-ல் 7.50 என்றிருந்ததை 8.45 ஆக்கினார்கள். பிள்ளைகளின் தூக்கத்தை அளந்து பார்த்ததில் 34 நிமிஷம் கூடியிருந்தது. பள்ளி தாமதமாகத் தொடங்கினால் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்று நாம் நினைப்போம், அங்கே அப்படி ஆகவில்லை.

எனக்குச் சாதகமானதை மட்டும் சொன்னால் சரியில்லை. புளோரிடாவில் 2023-ல் இதே மாதிரி சட்டம் போட்டார்கள். பஸ் ஏற்பாடு ஒத்துவரவில்லை என்று பள்ளிக்காரர்கள் முறையிட்டதில் 2025-ல் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டார்கள். அமெரிக்காவிலும் கடைசியில் பஸ் வந்துதான் நிற்கிறது, பாருங்கள்.

நம் நாட்டிலும் பேச்சு நடக்காமல் இல்லை. 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு நாலாம் வகுப்பு வரை 9 மணிக்கு முன்னால் பள்ளி தொடங்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. பிள்ளைகளுக்குத் தூக்கம் போதவில்லை என்று அந்த மாநில ஆளுநர் எடுத்துச் சொன்னதில் வந்த உத்தரவு அது. 2022-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி யு.யு. லலித் வேறு ஒன்று சொன்னார். பிள்ளைகள் 7 மணிக்குப் பள்ளிக்குப் போகும்போது நாம் ஏன் 9 மணிக்கு வேலையைத் தொடங்கக் கூடாது என்று கேட்டார். அவர் கேட்டது நீதிமன்றத்தைச் சீக்கிரம் திறக்க. அந்த 7 மணிப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் பக்க நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. தேர்ச்சி சதவீதம் குறைந்தால் மேலே இருந்து கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர்தான், நாங்கள் யாரும் கூட நிற்க மாட்டோம். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க நேரம் வேண்டும். காலையில்தான் மனசில் ஏறும் என்பது நம் பெரியவர்கள் சொன்னது. தர்மபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக பஸ் மாறி வரும் டீச்சர் எட்டேகாலுக்கு வர அவர் வீட்டில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றும் நான் யோசித்தேன். அவருக்கும் சின்னப் பிள்ளை இருக்கிறது. கூட்டத்தில் அவரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் நேரம் பற்றாக்குறையா என்று பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு வருஷத்தில் 220 வேலைநாள், 1,000 மணி நேரப் பாடம் என்று கணக்கு வைத்திருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பத்தாம் வகுப்புக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, பாடமும் அதிகம், தெரியும். ஆனாலும் 9.20-லிருந்து 4.20 வரை, சாப்பாட்டு நேரம் போக, அதைவிட நல்ல அளவுக்கு மேலேயே நம்மிடம் இருக்கிறது. அதில் எத்தனை பீரியட் ஆசிரியர் இல்லாமலும் வேறு வேலையிலும் போகிறது என்பதை நோட்டில் எழுதி ஒரு மாதம் பார்த்தோமா?

ஒரு விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் பதினொன்றாம் வகுப்பில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அதில் ஒருத்தியின் ஆயாவிடம் எட்டேகால் விஷயத்தைச் சொன்னேன். 'இருட்டுல பொட்டப்புள்ளய எவன் அனுப்புவான், படிச்சது போதும்' என்றார். கோபத்தில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். நம் மாவட்டத்தில் பதினாறு வயசுப் பெண் பள்ளியை விட்டு நின்றால் அடுத்த தை மாதத்துக்குள் வீட்டில் என்ன பேச்சு தொடங்கும் என்பது இந்தக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கலெக்டர் ஆபீசிலிருந்து குழந்தைத் திருமணம் பற்றிப் பேச வருகிறவர்களுக்கும் தெரியும். தேர்ச்சி சதவீதத்தில் அந்தப் பெண் வரவே மாட்டாள், பரீட்சை எழுதினால்தானே.

அதனால் இப்படிச் செய்யலாமா என்று கேட்கிறேன்.

8.10 பஸ்ஸில் வரும் பிள்ளைகள் 8.55-லிருந்து 9.20 வரை வேப்பமரத்தடியில் சும்மா நிற்கிறார்கள். 9 மணிக்கு வகுப்பில் உட்கார வைத்தால் வாரத்துக்கு 100 நிமிஷம் கிடைக்கிறது, யாரும் சீக்கிரம் எழ வேண்டியதில்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை 10-லிருந்து 1 வரை வையுங்கள், அனுப்புகிறோம். நடந்து வரும் தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு 8.30-க்குப் படிப்பு வைப்பதென்றால் வையுங்கள், ஆனால் அதில் புதுப் பாடம் நடத்த வேண்டாம், வருகைப் பதிவும் வேண்டாம். தூரத்துப் பிள்ளை அதைத் தவறவிட்டான் என்று வெளியே நிற்க வைக்கவும் வேண்டாம். சாயங்காலம் நீட்டலாமா என்றால் அதற்கும் பயமாகத்தான் இருக்கிறது. நவம்பர் கடைசியில் 5.50-க்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், நாங்கள் பிடிக்கும் பஸ் 4.45, அதை விட்டால் 6.30.

கூட்டிப் பார்த்தால் என் யோசனையில் கிடைக்கும் நேரம் உங்கள் எட்டேகாலில் கிடைப்பதைவிடக் குறைவுதான். ஒத்துக்கொள்கிறேன். கம்பியில் நெற்றியை வைத்துத் தூங்கும் பிள்ளைக்கு அந்த முதல் ஒரு மணி நேரத்தை நீங்கள் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் என்று தெரியவில்லை.

மார்ச் வந்த பிறகு வேறு விஷயம். மாதக் கடைசிக்குள் ஆறே காலுக்கே சூரியன் எழுந்துவிடும், ராகி களத்துக்கு வந்து முடிந்திருக்கும், யானைகளும் பெரும்பாலும் திரும்பியிருக்கும். மத்தியான வெயிலில் தகர ஷெட்டில் உட்காருவதைவிடக் காலை வகுப்பு நல்லதுதான். வருஷம் முழுக்க ஒரே நேரம் இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

பஸ்ஸுக்கும் ஒரு முயற்சி செய்வோம். 6.40-க்கும் 8.10-க்கும் நடுவில் 7.20-க்கு ஒரு நடை விடச் சொல்லி குழு சார்பில் மனு எழுதுங்கள். திங்கட்கிழமை தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு நான் எடுத்துப் போகிறேன், நாலு அம்மாக்களையும் கூட்டிப் போகிறேன். 7.20 பஸ் வந்துவிட்டால் எட்டேகால் தீர்மானத்துக்கு முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டே போடுவேன்.

அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை என்றீர்கள். அதற்கு முன்னால் குழுவிலிருந்து இரண்டு பேர், முடிந்தால் தலைமை ஆசிரியரும், அன்றைக்குப் பத்து மணிக்குப் படுக்கச் சொன்ன சாரும், ஒரு தடவை எங்கள் கொட்டாயிலிருந்து 6.40 பஸ்ஸுக்கு நடந்து வர வேண்டும். காலையில் கிளம்பி வந்தால் நேரத்துக்கு வந்து சேர முடியாது, அந்த நேரத்தில் எங்கள் பக்கம் வர பஸ் கிடையாது. அதனால் வியாழக்கிழமை சாயங்காலமே வந்துவிடுங்கள். களியும் கீரைக் கடைசலும் செய்து வைக்கிறேன். திண்ணையில் பாய் போட்டால் நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம். டார்ச் ஒன்றுதான் இருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்து வாருங்கள். நாலரைக்கு எழுப்புவேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மா,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்